பிரியா இடைவெளி

அந்தியேட்டிக்கு இன்னும் மூன்று நாள்.
கல்வெட்டு நாற்பது பக்கம், முந்நூறு பிரதி.
ஸ்ரான்லி வீதியில் மழை.
அலோசியஸ் அண்ணை தேத்தண்ணிக்குப் போய்விட்டார்.
கரண்ட் இரண்டு தரம் போய்வந்தது.

கனடாவிலிருந்து மருமகன் அனுப்பிய கோப்பு
பழைய பாமினியில்.
எழுத்துருவைக் கழற்றிவிட்டால்
அம்மா என்பது
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
அந்த அரைப்புள்ளிதான்
மகரத்தின் தலையில் குந்தியிருந்த புள்ளி.

ஒருங்குறிக்கு மாற்றினேன்.
பதினேழு இடத்தில் சரிவரவில்லை.
மெய்யைத் தொலைத்த கொம்பு
புள்ளிகளாலான ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.
எழுத்து வரவேண்டிய இடம் இது என்று
கொம்பியூட்டர் கீறிக் காட்டுகிற வட்டம்.
தேடித் தேடி நிரப்பினேன்.

பெ என்று தட்டினால்
பகரம்தான் முதலில் உள்ளே போகிறது.
கொம்பு பிந்தி வந்து
திரையில் முன்னுக்கு நிற்கிறது,
மண்ணெண்ணெய் வரிசையில்
செருப்பை வைத்துவிட்டுப் போனவர் மாதிரி.

பெரிய சண்டை திருநாவுக்கரசுவோடு.
நிரல் ஒடுக்கம், படம் பெரிது.
திருநாவு- என்று வெட்டி
க்கரசு என்று அடுத்த வரியைத் தொடங்கிவிட்டது.
புள்ளி வைத்த எழுத்து முதலில் வராது என்று
எனக்கு ஆறாம் வகுப்பில் சொன்னார்கள்.
அதற்கு ஆர் சொன்னது?
திருநாவுக்- கரசு என்று மாற்றினேன். இலக்கணம் சரி.
ஆனாலும் செத்தவரின் பெயர்,
எங்கே வெட்டினாலும் வெட்டுத்தான்.
படத்தைச் சுருக்கினேன்.
முகம் எட்டு மில்லிமீற்றர் சிறுத்தது;
பெயர் முழுதாய் வந்தது.

நாலரைக்கு மகள் பத்மலோஜினி வந்தா, புறூவ் பார்க்க.
குடையைக் கதவில் சாத்தினா.
கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தா.
மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டா.

        சத்தியரூபன், காலஞ்சென்ற
        யோகவதனி, பத்மலோஜனி ஆகியோரின்
        பாசமிகு தந்தையும்

முதல் வரியின் அந்தத்தில் விரலை வைத்தா.
எடுக்கவில்லை.

‘அண்ணாவின்ர பேருக்கு முன்னால
ஒண்டும் போடவேண்டாமெண்டெல்லோ சொன்னனான்.’

முன்னால ஒண்டும் இல்லையே அக்கா.

‘பின்னால இருக்கு.’

காலஞ்சென்ற, யோகவதனிக்கு உரிய சொல்.
அவவுக்குத் திகதி இருக்கிறது,
ஆசுப்பத்திரித் துண்டு இருக்கிறது.
இவருக்கு இருப்பது ஒரு முறைப்பாட்டு இலக்கம்.
கொம்பியூட்டர் கண்டது
காற்புள்ளி, இடைவெளி, இவ்வளவு அகலமான ஒரு சொல்.
வரியில் இடம் மிஞ்சியது, ஏற்றிக்கொண்டது.
மினிபஸ் கொண்டக்டரிடம் இருக்கும் அளவு வஞ்சகம்கூட அதில் இல்லை.

என்ரர் தட்டிப் பிரிக்கலாம்.
நாளைக்கு மருமகன் வேறு படம் அனுப்பினால்
வரிகள் திரும்ப ஓடும்.
அந்தச் சொல் திரும்ப ஏறி
அவருக்குப் பக்கத்தில் இருந்துவிடும்.

ஆகவே காலஞ்சென்ற என்பதற்கும் யோகவதனிக்கும் நடுவில்
பிரியா இடைவெளி ஒன்றை வைத்தேன்.
அச்சில் தெரியாது,
வெறும் வெள்ளைதான்.
இனி எந்த வரிக்குப் போனாலும்
அந்தச் சொல் அவவோடேயே போகும்.

போனது.
சத்தியரூபன் தனித்தார்.
இரு ஓரமும் சமனாக வேண்டும் என்ற பழைய கட்டளைக்குப் பணிந்து
கொம்பியூட்டர் அவரைப் பிய்த்து
வரி முழுக்கப் பரப்பியது:

        ச    த்    தி    ய    ரூ    ப    ன் ,

ஐயோ என்றா.
கெதியாய் அந்த வரிக்கு மட்டும் சமனை நிறுத்தினேன்.
எழுத்துகள் ஓடிவந்து இடப்பக்கம் ஒட்டிக்கொண்டன.
மிச்சம் வெறுமை.

‘பூ ஏதும் போடவா அதில?’
கடையில் நூற்றிருபது வகைப் பூ இருக்கிறது.

‘வேண்டாம். இடம் கிடக்கட்டும்.’

மூலையில் கையெழுத்து வைத்தா,
மிச்சக் காசை எண்ணாமல் எடுத்தா,
குடையை மறந்து மழைக்குள் இறங்கி
திரும்பி வந்து எடுத்துப் போனா.

பிறகுதான் கண்டேன்.
அவவின் பெயரில் ஜகரத்துக்கு விசிறி இல்லை.
இவ்வளவு நேரம் அதே பக்கத்தைப் பார்த்தவ.

போட்டேன்.
ஒரு வரியும் அசையவில்லை.